ரோஸ்நாமாவில் ஏறாத வார்த்தை

மாட்டுங்காவிலிருந்து ஒரு சங்கத்துச் செயலாளர் போன் செய்தார். எங்கள் ஐயாவுக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்களாம். நீதிபதியாக இருந்து மேயராக உயர்ந்த தமிழர் என்று சிறப்பு மலரும் போடுகிறார்களாம். "நீங்கதான் அவருக்கு ஸ்டெனோவா இருந்தேள், அப்புறம் பி.ஏ.வா இருந்தேள். ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்துடுங்கோ. 'நான் கண்ட நீதிமான்'னு தலைப்புகூட வெச்சாச்சு" என்றார். தலைப்பை வைத்துவிட்டுக் கட்டுரை கேட்பது, தீர்ப்பை எழுதிவிட்டு சாட்சியைக் கூப்பிடுகிற மாதிரி. ஐயா அந்தத் தப்பைக்கூடச் செய்ததில்லை. அவர் தீர்ப்பே எழுதியதில்லை.

ஆகவே இதை அந்த மலரில் போட மாட்டார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பெயர் சுடலைமுத்து. தாராவியில் பிறந்தவன். அப்பா தோல் பட்டறையில் வேலை பார்த்தார். பத்தாவது முடித்ததும் மாட்டுங்காவில் ஒரு மாடி அறையில் சுருக்கெழுத்தும் டைப்பும் படித்தேன். வாத்தியார் ரேடியோவில் இங்கிலீஷ் செய்தியைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருப்பார். செய்தி முடிவதற்குள் அத்தனையும் நோட்டில் இருக்க வேண்டும். இருந்தது. கோர்ட்டில் வேலை கிடைத்தது. முப்பத்து நாலு வருஷம் நீதிபதிகளின் காலடியில் உட்கார்ந்து அவர்கள் சொன்னதை எழுதினேன். இப்போது சான்பாடாவில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். எந்த ஊர் கோர்ட், எந்த மாநகராட்சி என்று மட்டும் எழுதப் போவதில்லை. மும்பையைச் சுற்றி மாநகராட்சிகளுக்கா பஞ்சம்?

ஐயா எங்கள் கோர்ட்டுக்கு வந்தது அவருடைய சர்வீசின் கடைசி நாலு வருஷத்துக்கு. பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், மாட்டுங்காவில் வளர்ந்தவர். சிவந்த முகம், இஸ்திரி கலையாத கழுத்துப்பட்டை, கிங்ஸ் சர்க்கிளில் வறுத்து அரைத்த காப்பி ஃபிளாஸ்கில். பார்த்தால் எழுந்து நிற்கத் தோன்றும். பேச ஆரம்பித்தால் உட்கார்ந்து கேட்கத் தோன்றும். வக்கீல் வாதாடினால் குறுக்கே பேச மாட்டார். கிழவி அழுதால் தண்ணீர் கொடுக்கச் சொல்வார். மராத்தியில் 'பகூ' என்றால் 'பார்ப்போம்' என்று அர்த்தம். அவர் எதைக் கேட்டாலும் முடிவில் சொல்வது அதுதான். கோர்ட் சிப்பந்திகள் அவருக்கு 'பகூ சாஹேப்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதிலும் ஒரு மரியாதை இருந்ததாகவே அவர் நினைத்துக்கொண்டார்.

அவர் தீர்ப்பு எழுதாமல் தப்பித்த விதத்தைப் பாடமாகவே வைக்கலாம். சொத்துத் தகராறு என்றால், "அண்ணன் தம்பி வெளியில போய்ப் பேசிண்டு வாங்கோ." வாடகை வழக்கு என்றால், "ரெண்டு பேரும் ஒரு படி இறங்கினா என்ன?" பேசிவிட்டு வந்தால் அடுத்த தேதி. பேசாமல் வந்தாலும் அடுத்த தேதி. ஒரு வழக்கு தீர்ப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அவருக்கு முதுகு வலி வந்துவிடும். சண்டை போட்டு அலுத்தவர்கள் கடைசியில் தாங்களே ஒரு சமாதானப் பத்திரம் எழுதிக்கொண்டு வருவார்கள். அதில் கையெழுத்துப் போடும்போது அவர் முகத்தில் ஒரு களை வரும். பிரிவுபசார விழாவில் ஒரு மூத்த வக்கீல், ஐயாவின் தீர்ப்பு ஒன்றைக்கூட மேல்கோர்ட் புரட்டியதில்லை என்று பேசினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. இல்லாத தீர்ப்பை எப்படிப் புரட்டுவார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. நானும் தட்டினேன்.

ஐயாவிடம் ஒரு சைகை உண்டு. அதை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். மேஜைமேல் வைத்த வலக்கையில் இரண்டு விரல் லேசாக உயரும். எழுதாதே என்று அர்த்தம். உடனே நான் பென்சிலை நோட்டிலிருந்து தூக்கிவிட வேண்டும். முதல் வாரத்திலேயே இதைப் பிடித்துக்கொண்டேன். "நோக்கு ஒண்ணும் சொல்லிக்குடுக்கவே வேண்டாம்டா முத்து" என்றார். அன்றைக்கு சாயங்காலம் வீட்டில் அதை நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது எழுதவே கூசுகிறது.

கோர்ட்டில் ரோஸ்நாமா என்று ஒரு தாள் உண்டு. ஒவ்வொரு வழக்குக் கட்டிலும் முதலில் இருக்கும். அன்றைக்கு என்ன நடந்தது என்று பெஞ்ச் கிளார்க் அதில் குறிப்பார். நீதிபதி உத்தரவு சொன்னால் அதை நான் எடுத்து, டைப் அடித்துக் கையெழுத்து வாங்கிக் கொடுப்பேன், அதுவும் சேரும். அந்தத் தாளில் ஏறியதுதான் நடந்தது. ஏறாதது நடக்கவே இல்லை. ஐயாவின் ரோஸ்நாமாக்களைப் படித்தால் அந்த ஹாலில் நாலு வருஷமாக யாரும் வாயே திறக்கவில்லையோ என்றிருக்கும். இரு தரப்பும் ஆஜர், கேட்கப்பட்டது, அடுத்த தேதி. முக்கியமான பேச்செல்லாம் என் பென்சில் அந்தரத்தில் இருந்தபோதுதான் நடந்தது.

இசக்கியம்மாள் வழக்கிலும் அப்படித்தான்.

அவள் தாராவிக்காரி. திருநெல்வேலிப் பக்கம். புருஷன் இல்லை. தாராவியில் ஒரு பரணில் மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தவள், இடம் போதாமல் எங்கள் கோர்ட் இருந்த ஊரில் சாக்கடை ஓரத்தில் ஒரு தகர ஷெட்டை வாங்கினாள். ஆறு மிஷின், அவளோடு ஐந்து பெண்கள், பள்ளிக்கூட யூனிபார்ம் தையல். ஷெட் அனுமதியில்லாத கட்டடம் என்று மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டியது. ஷெட் ரொம்பப் பழசு, சட்டப்படி அதை இடிக்க முடியாது என்பது அவள் கட்சி. பழைய வரி ரசீதுகளை ஒரு யூனிபார்ம் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வருவாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: வழக்கு முடியும்வரை இடிக்கக் கூடாது என்று ஒரு தடை உத்தரவு. நாலு வரி. எனக்கு டைப் அடிக்க ஐந்து நிமிஷம்.

ஐயா அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். அவளைக் கூண்டுக்குப் பக்கத்தில் வரச் சொல்லி, தமிழிலேயே விசாரித்தார். எத்தனை மிஷின், எந்தப் பள்ளிக்கூடம், பட்டன் ஓட்டைக்குத் தனி மிஷின் உண்டா. உண்டு என்றாள். "பேஷ்" என்றார். ரசீதுகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். அவற்றைப் பதிவுக்கு எடுக்கச் சொல்லவில்லை. மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு மாநகராட்சி வக்கீலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, இந்த அம்மாள் வழக்கு முடிகிறவரைக்கும் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், உங்கள் ஆபீசருக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். இரண்டு விரல் உயர்ந்தது. என் பென்சில் எழுந்தது.

அவளுடைய வக்கீல் எழுந்து, இதைப் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டார். சின்னப் பையன் இல்லை, அனுபவமுள்ளவர்தான். ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "என் வார்த்தை போதாதா உங்களுக்கு?" என்றார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். ரோஸ்நாமாவில் ஏறியது: கேட்கப்பட்டது, அடுத்த தேதி.

மத்தியான இடைவேளையில் நான் வராந்தாவுக்கு வந்தபோது இசக்கியம்மாள் தூண் ஓரத்தில் நின்றிருந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க நம்ம பக்கமாமே, வக்கீல் சொன்னாவ. ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"மத்த நேரமெல்லாம் கை ஓயாம எழுதுதிய. அய்யா இடிக்கக் கூடாதுன்னு சொன்ன நேரத்துல மட்டும் ஒங்க பென்சிலு மேல எந்திரிச்சிட்டுதே. நான் பாத்துக்கிட்டுதான நின்னேன்."

முப்பது வருஷத்தில் என் பென்சிலை யாரும் பார்த்ததில்லை. பெரிய பெரிய வக்கீல்கள் நீதிபதியின் முகத்தைப் பார்ப்பார்கள், கடிகாரத்தைப் பார்ப்பார்கள். துணியில் ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்தே பழகிய கண், இதையும் பார்த்துவிட்டது.

"வக்கீல் இன்னொரு மனு போட்டு எழுதி வாங்கலாம்னு சொல்லுதாரு. இல்லைன்னா மேல கோர்ட்டுக்குப் போலாமாம். நான்தான் ஒங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்னு வந்தேன். எழுதாம விட்டா நாளைக்கு யாரு அண்ணாச்சி கேப்பா?"

அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. அந்தக் கட்டடத்தில் கறுப்புக் கோட்டுப் போட்டவர்களில் பாதிப் பேருக்கு அது தோன்றியிருக்காது. எனக்கு அதற்குச் சரியான பதிலும் தெரியும். போய் மனு போடுங்கள், இன்றைக்கே போடுங்கள் என்பதுதான் அது. நான் என்ன சொன்னேன்? "எதுக்கு வீணா? மனு போட்டா ஐயா கோவிச்சுக்குவார். ஜட்ஜ் வாயால சொல்லியாச்சு, அதுக்கு மேல என்ன எழுத்து? நான் இங்கதானே இருக்கேன். பயப்படாம வீட்டுக்குப் போங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். யாரும் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஐயா சொல்லச் சொல்லவில்லை. மனு வந்தால் ஐயாவின் முகம் கோணும், அன்று முழுக்க என்மேல் எரிந்து விழுவார், அது ஒன்று. இன்னொன்று, நீதிபதியின் சார்பில் ஒரு பெண்ணுக்கு அபயம் கொடுக்கிற இடத்தில் நான் நின்றது எனக்கே பிடித்திருந்தது. தோல் பட்டறைக்காரன் மகனுக்கு அது சின்ன விஷயமா?

"நீங்க சொன்னா சரி" என்று போய்விட்டாள். வக்கீலிடமும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

இரண்டு வருஷம் தேதி தேதியாக ஓடியது. ஷெட்டை யாரும் தொடவில்லை. ஐயாவின் வாய்வார்த்தை அவர் அந்த நாற்காலியில் இருக்கும்வரை செல்லுபடியாகும் என்பது மாநகராட்சி வக்கீலுக்கும் தெரியும். அதற்குப் பிறகு செல்லாது என்பதும் தெரியும். ஐயா ஓய்வு பெற்றார். அடுத்த ஆறாம் மாதம் நானும். நாற்காலி ஒரு வருஷத்துக்கு மேல் காலியாகக் கிடந்தது. பக்கத்து ஹால் நீதிபதி தேதி மட்டும் போட்டுக்கொண்டிருந்தார்.

இதற்குள் தேர்தல் வந்தது. ஐயா வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஒரு வார்டில் நின்றார். யாருக்கும் எதிராக ஒரு வரி எழுதாதவருக்கு எதிரி எங்கிருந்து வருவான்? ஜெயித்துவிட்டார். மேயரைத் தேர்ந்தெடுக்கிற நேரத்தில் பெரிய கோஷ்டிகள் இரண்டும் ஒன்றை ஒன்று கடித்துக் குதறிக்கொண்டன. இரண்டுக்கும் தலைவலி தராத ஆள் வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் கோர்ட்டில் எடுத்த பயிற்சி ஐயாவுக்கு அங்கேதான் பலித்தது. மேயரானார். அதிகாரமெல்லாம் கமிஷனர் கையில். மேயருக்கு அங்கி, தலையில் இருந்த சிவப்பு விளக்கை அரசாங்கம் எடுத்துவிட்ட பிறகும் பெரிதாகத் தெரிந்த ஒரு கார், சபையில் உயரமான நாற்காலி. அந்த உயரம்தான் அவருக்கு வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "முத்து, நீ இல்லாம நேக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்குடா" என்றார். போனேன். சம்பளத்துக்காகப் போனேன் என்றால் பொய். மேயரின் பி.ஏ. என்று சொல்லிக்கொள்ளப் போனேன். அதுவரை என்னைக் கண்டால் தலையைக்கூட அசைக்காத மாட்டுங்கா ஓட்டல்காரர் எனக்குத் தனி மேஜை போட்டார். நானும் போய் உட்கார்ந்தேன்.

மேயர் அறையை ஐயா மூன்றே நாளில் கோர்ட்டாக மாற்றிவிட்டார். வருகிறவர்களின் பட்டியல் காலையில் வாசலில் ஒட்டப்பட வேண்டும். பியூன் பெயரை மூன்று தடவை கூவ வேண்டும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்கள் மனுவை மூன்று நகல் கொடுக்க வேண்டும். மனு வாங்கி, இஞ்சினியரையும் கூப்பிட்டு வைத்து, இரண்டு தரப்பையும் பொறுமையாகக் கேட்டு, முடிவில் அடுத்த வாரத்துக்குத் தேதி போடுவார். தண்ணீருக்குத் தேதி வாங்கிக்கொண்டு போன ஜனங்கள் ஐயாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். என்ன பொறுமை, என்ன பண்பு! குழாய் அப்படியேதான் இருந்தது.

அவர் மேயராகி ஒரு மழைக்காலம் போன பிறகு, காலியாக இருந்த கோர்ட் நாற்காலிக்குப் புது நீதிபதி வந்தார். சுறுசுறுப்பானவர். இசக்கியம்மாளின் வழக்குக் கட்டை எடுத்தார், ரோஸ்நாமாவைப் புரட்டினார். தடை உத்தரவு எங்கே என்று கேட்டார். வாயால் சொன்னார்கள் என்று அவளுடைய வக்கீல் சொல்லியிருக்கிறார். நீதிபதி சிரித்திருப்பார், வேறென்ன செய்வார்? தடை வேண்டுமானால் முதலிலிருந்து விசாரிக்க வேண்டும் என்று தேதி போட்டுவிட்டாராம். அந்த வாரமே மாநகராட்சிக்காரர்கள் ஷெட்டில் மறுபடி நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்று நாள் கெடு. அவள் மேயரைப் பார்க்க வந்தாள். பட்டியலில் பதினோராவது பெயர்.

பியூன் மூன்று தடவை கூவினான். அவள் உள்ளே வந்தாள். அதே துணிச்சுருள் கையில். ஐயாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"வாம்மா. பட்டன் ஓட்டை மிஷின். ஞாபகம் இருக்கு" என்றார்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"இது கோர்ட்ல இருக்கிற விஷயம். மேயர் இதுல தலையிடப்படாது. கோர்ட்ல போய்க் கேளும்மா."

கோர்ட்டில் இருந்தபோது இதே மனிதர் எத்தனை பேரிடம் மாநகராட்சியில் போய்ப் பேசுங்கள் என்று சொல்லியிருக்கிறார்! எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் வேலை எதிர் நாற்காலியில் இருக்கிற வித்தை அவருக்குத் தெரிந்திருந்தது.

"கோர்ட்டுல நீங்கதான அய்யா இருந்திய?" என்றாள் அவள். "கேசு முடியுதவரைக்கும் இடிக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னிய? அதை மட்டும் ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க. நான் புது ஜட்ஜுகிட்ட காட்டிக்கிடுதேன்."

அவள் பிச்சை கேட்கவில்லை. நடந்ததை நடந்தது என்று எழுதிக் கேட்டாள். ஐயா நாற்காலியில் சாய்ந்தார். என் பக்கம் திரும்பினார்.

"முத்து, அப்படி ஏதாவது ஆர்டர் இருக்கா?"

"ரிக்கார்டுல இல்லை சார்" என்றேன்.

அது நிஜம்தான். அதோடு அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் ஐயாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ரிக்காடு கெடக்கட்டும் அண்ணாச்சி. வாயால சொன்னாவளா இல்லையா? அதைச் சொல்லுங்க."

ஐயாவின் கை மேஜைமேல் இருந்தது. இரண்டு விரல் உயர்ந்தது. என்னிடம் அப்போது பென்சில்கூட இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் என் இரண்டு கையும் தானாக மேலே எழுந்தன.

"எனக்கு ஞாபகம் இல்லை" என்றேன்.

அவள் துணியைச் சரியாகச் சுற்றிக்கொண்டு போனாள். ஐயா அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார். சாயங்காலம் காரில் போகும்போது, "பாவம்டா அந்தப் பொம்மனாட்டி. என்ன பண்றது, சட்டம்னு ஒண்ணு இருக்கே" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். அவருடைய வருத்தம் எப்போதும் நிஜமானது. அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஷெட்டை இடித்தார்கள். நான் போகவில்லை. மிஷின்களை வெளியே எடுத்துக்கொள்ள அரை மணி கொடுத்தார்களாம். பட்டன் ஓட்டை மிஷின் தரையில் போல்ட் போட்டது, அதைக் கழற்ற முடியவில்லையாம். அன்றே ராஜினாமா செய்துவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். செய்யவில்லை. ஐயாவின் பதவிக்காலம் முடிகிறவரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது இதையெல்லாம் பிரமாணப் பத்திரமாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடலாம் என்று ஒரு வேகம் வந்தது. அவளுடைய வழக்கு இன்னும் கோர்ட்டில்தான் கிடக்கிறது. நஷ்ட ஈடாவது கிடைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். போன வாரம் தாராவிக்குப் போய் விசாரித்துக் கண்டுபிடித்தேன். ஒரு மாடிப் பட்டறையில் யாரோ ஒருவருடைய மிஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

நான் மூச்சு விடாமல் பேசினேன். ஐயா எப்பேர்ப்பட்ட ஆள், எப்படியெல்லாம் ஊரை ஏமாற்றினார், விழா வேறு எடுக்கிறார்கள், அவர் முகத்திரையைக் கிழித்து எழுதப் போகிறேன், கோர்ட்டிலும் வந்து சாட்சி சொல்கிறேன் என்று. அவள் ஒரு சட்டைக் காலரை முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சாட்சி சொல்லணும்னா வந்து சொல்லுங்க, வேண்டாம்னு சொல்லமாட்டேன்" என்றாள். "ஆனா அவரைப் போயி என்னத்துக்கு இந்த ஏச்சு ஏசுதிய? அவரு பெரிய மனுசன். பேசுவாரு, மறந்துருவாரு. அது எனக்கு அன்னைக்கே தெரியும். அதனாலதான எழுதி வாங்கணும்னு அந்தத் தூணுக்கிட்ட வந்து நின்னேன்."

அடுத்த காலரை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தாள்.

"அவரு சொன்னதை நம்பி நான் வீட்டுக்குப் போகலை அண்ணாச்சி. நீங்க சொன்னதை நம்பித்தான் போனேன்."